எலி விழுந்த வீடும் அஞ்சலட்டையும்

கோவை நகரில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரில் வழிபடப்பெறும் கோயில்கள் இன்றும் உள்ளன. அம்மனுக்கு ஊரின் பெயரையோ மரத்தின் பெயரையோ அடைமொழியாக்கி அழைப்பது தமிழ் மரபு. இங்கோ ஒரு நோயின் ஆங்கிலப் பெயரே அடைமொழியாகி நிற்கிறது. அம்மை, பேதி என்பன போலத் தமிழ்ப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொள்ளவும் அந்நோய் அவகாசம் தரவில்லை போலும். கொள்ளைநோய் என்னும் பொதுச்சொல் வழக்கில் இருந்தும் மக்கள் அதனைக் கொள்ளவில்லை. வந்தது இதுதான், வேறொன்றன்று என்று தனித்துக் காட்டும் சொல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பெங்களூரிலும் பிளேக் மாரியம்மா என்னும் வழிபாடு இதே காரணத்தால் எழுந்ததாகும்.

ஒரு வட்டாரத்தில் நோய் வந்து சென்றதற்கு இருவகைச் சான்றுகள் எஞ்சுகின்றன. ஒன்று மக்கள் விட்டுச் செல்வது: கோயில், நேர்ச்சை, கும்மிப்பாட்டு, குடியெழும்பிய வீட்டின் பாழ்மனை. மற்றொன்று அலுவலகம் விட்டுச் செல்வது: சாவுப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கு, ஆண்டறிக்கை. வரலாற்றாசிரியர் பின்னதையும் இலக்கியத்தார் முன்னதையும் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் அறியாமல் போய்விடுவது வழக்கம். ஆயினும் தமிழகத்தில் நோய் அடங்கிய இடங்களைக் கூர்ந்து நோக்கின், மக்கள் கண்ட குறியும் அலுவலகம் எழுதிய கணக்கும் உரிய காலத்தில் சந்தித்துக்கொண்ட இடங்களே அவை என்பது புலனாகும். இரண்டும் சந்திக்கத் தவறிய காலம் கொங்கு நாட்டிற்கு மிக நீண்டதாயிருந்தது.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் அக்காசியோ கேப்ரியல் வீகாஸ் என்னும் மருத்துவர் பிளேக் நோயை முதலில் இனங்கண்டார். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறிற்று. வீடு புகுந்து சோதிக்கவும், நோயுற்றோரைப் பிரித்துக் கொண்டு செல்லவும், பயணிகளை நிறுத்திப் பார்க்கவும் அச்சட்டம் அதிகாரம் தந்தது. அந்த அதிகாரம் எவ்வளவு கடுமையாகக் கையாளப்பட்டது என்பதற்குப் பூனாவில் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்ட நிகழ்ச்சியே போதிய சான்று. 1898 ஆகஸ்டில் நோய் பெங்களூரை அடைந்தது. அங்கிருந்து சேலத்திற்கும் கோவைக்கும் இருப்புப்பாதை நேரே வருகிறது.

சென்னை மாகாண அரசு இதனை எதிர்கொள்ள மேற்கொண்ட முறைகளுள் ஒன்று 'பிளேக் பாஸ்போர்ட்' என்பதாகும். நோயுள்ள பகுதியிலிருந்து வரும் பயணியின் பெயரும் அவர் சென்று தங்கும் இடமும் எழுதப்பெற்று ஒரு சீட்டு அளிக்கப்படும். சென்று சேர்ந்த ஊரில் அவர் பத்து நாள்கள் அதிகாரி முன்னிலையில் தோன்றித் தம் உடல்நலத்தைக் காட்டவேண்டும். கடல் கடப்பவர்க்கே உரியது என்று இன்று கருதப்படும் இச்சொல், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு பெங்களூர்ச் சந்தைக்குப் போய்வந்த கொங்கு நாட்டு வணிகனின் மடியில் இருந்தது. ஆளைப் பின்தொடர்ந்து நோயைக் கண்டறியும் முறை இது. ஆனால் நோய் ஆளோடு மட்டும் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பிளேக் கோவையைத் தாக்கியது. பின்னர்ப் பலமுறை திரும்பி வந்தது. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 53,080 பேர் வாழ்ந்த கோவை நகரம் 1911-இல் ஏறத்தாழ 47,000 பேராகக் குறைந்தது. இக்குறைவு முழுவதும் இறந்தோர் எண்ணிக்கையன்று. ஊரைவிட்டு வெளியேறியோரும் இதனுள் அடங்குவர். நெருக்கமான பழைய தெருக்களே நோயின் உறைவிடம் என்ற எண்ணம் வலுப்பெற்றதன் விளைவாகப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. நகராட்சித் தலைவராயிருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் இரத்தினசபாபதிபுரம் என வழங்கப்பெற்று, இன்று ஆர்.எஸ்.புரம் எனச் சுருங்கிவிட்ட பகுதி அவ்வாறு தோன்றியதே. அகன்ற வீதிகளை இன்று பாராட்டுவோர் அவ்வகலத்தின் காரணத்தை நினைப்பதில்லை.

அலுவலகம் பயணிகளைச் சோதித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் மக்கள் வேறொன்றைக் கவனித்தனர். பிளேக் வருவதற்கு முன் எலிகள் செத்து விழுந்தன. கூரையிலிருந்தும் பரணிலிருந்தும் எலி தள்ளாடி வந்து நடுவீட்டில் விழுந்தால் சில நாள்களில் அவ்வீட்டில் மனிதர் விழுவர். 'எலி விழுந்த வீடு' என்பது குறியாயிற்று. ஆங்கில அறிக்கைகளும் இதே பொருளுடைய சொற்றொடரையே ஆண்டன. 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுவதை ஆய்வால் காட்டினார். அக்காலத்து இந்திய பிளேக் ஆணையம் அதனை ஏற்கவில்லை. 1905-க்குப் பின் நடந்த விரிவான ஆய்வுகளே சிமோன் கூற்றை நிலைநிறுத்தின. கற்றோர் அவையில் பல ஆண்டுகள் வழக்காடப்பட்ட செய்தியின் முற்பாதியை, எலிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை, கூரை வீட்டில் வாழ்ந்தோர் கண்ணால் கண்டிருந்தனர். பூச்சியை அவர்கள் அறியார். ஆயினும் வீட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்ற முடிவுக்கு எலி ஒன்றே போதுமானதாயிருந்தது.

வெளியேறுவது எல்லார்க்கும் ஒரே வகையில் வாய்க்கவில்லை என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. கொங்கு நாட்டு வேளாளர்க்கு ஊருக்கு வெளியே தோட்டமும் தோட்டத்துச் சாளையும் இருந்தன. எலி விழுந்தால் மாட்டையும் தானியத்தையும் கொண்டு சாளைக்குப் போய்விடலாம். அங்கேயே இரண்டு திங்கள் உழவும் நடக்கும். நெசவாளர்க்கு அது இயலாது. குழித்தறி மண்ணில் பதிந்தது. அதனைத் தூக்கிச் செல்ல முடியாது. தறியை விட்டுப் போனால் கூலியில்லை, இருந்தால் உயிர்க்கு உறுதியில்லை. மனையின்றிக் கூலிக்கு உழைத்தோர் நிலையும் இத்தகையதே. நோயின் குறி எல்லார்க்கும் தெரிந்திருந்தது. அக்குறியைக் கண்டு நடப்பதற்கான வசதி சிலரிடமே இருந்தது.

அலுவலகத்தின் கணக்கு எவ்வாறு இருந்தது? சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899-இல் வந்தது. ஊரில் மணியக்காரரே பதிவாளர். இறப்பின் காரணத்திற்கென்று சில கட்டங்கள் உண்டு: காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிற. மணியக்காரர் மருத்துவரல்லர். இறந்தவரின் உறவினர் சொன்னதை அவர் எழுதினார். ஐயம் எழுந்தபோது 'காய்ச்சல்' என்னும் கட்டம் கைகொடுத்தது. பழைய அறிக்கைகளில் காய்ச்சலால் இறந்தோர் தொகை பெருகிக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். இது மணியக்காரரின் குற்றமன்று. பதிவேட்டின் அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. அஃது இறந்தவரை மட்டுமே அறியும். நோயுற்றுப் பிழைத்தவரை அறியாது. ஊரிலிருந்து தாலுகாவிற்கும் அங்கிருந்து மாவட்டத்திற்கும் அது நகர்ந்து செல்வதற்குள் எலிகள் அடுத்த ஊரில் விழுந்துவிடும்.

இக்குறையை மாற்றி, நோயின் பின்னாலேயே நடந்துசென்ற முயற்சி ஒன்று அன்றைய மதுரை மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தது. மற்றப் பகுதிகளில் தணிந்த பின்னரும் அங்குப் பிளேக் நீங்காமல் இருந்தது. பி.வி. ஜார்ஜ், டபிள்யூ.ஜே. வெப்ஸ்டர் என்னும் இருவரும் அதன் காரணத்தைத் தேடி மேற்கொண்ட ஆய்வு 1934-இல் வெளிவந்தது. அவர்கள் மனிதர்களை மட்டும் எண்ணவில்லை. எலிகளைப் பிடித்து, ஓர் எலியின் மேல் எத்தனை தெள்ளுப்பூச்சிகள், அவை எவ்வகையின என்று எண்ணினர். தானியச் சந்தைகளும் தானியம் செல்லும் வழிகளும் அவர்கள் ஆய்வில் முதன்மை பெற்றன. பூச்சியின் வகையை எண்ணுவதற்கும் ஒரு காரணம் உண்டு. கொழும்பில் பணியாற்றிய எல். ஃபேபியன் ஹர்ஸ்ட், எலித்தெள்ளுகளுள் ஒருவகை நோயை எளிதில் பரப்புவதையும் மற்றொரு வகை அவ்வாறு பரப்பாததையும் எடுத்துக்காட்டியிருந்தார். துறைமுகமாயிருந்தும் சென்னை நகரில் பிளேக் வேரூன்றாமைக்கு இவ்வேறுபாட்டையே அறிஞர் காரணமாகக் கூறினர். கோவையில் சோதிக்கப்பட்டவர் பயணி. நோய்க்குரிய பூச்சியோ அவர் கொண்டுவந்த மூட்டையிலும் இருந்திருக்கலாம். பருத்திச் சந்தையும் தானியச் சந்தையும் இருப்புப்பாதை நிலையமும் அமைந்த திருப்பூர் போன்ற ஊருக்கு இச்செய்தி எத்துணை நெருக்கமானது என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

பெரியம்மையின் வரலாறு வேறு வகையினது. அதனை மக்கள் நோயென்று சொல்லவே தயங்கினர். அம்மை வார்த்திருக்கிறாள் என்றே கூறினர். இதனால் நோய் மறைக்கப்பட்டது என்று மருத்துவ நூலார் குறை கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகப்பட்டது. வெளியார் உள்ளே வருவதில்லை; வீட்டார் பிறர் இல்லத்திற்குப் போவதில்லை; தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இந்நெறி காக்கப்பட்டது. அலுவலரிடம் அறிவிக்கப்படாத நோய், தெருவுக்கு வேப்பிலையால் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த சுகாதார ஊழியர்க்கு வீடு வீடாக விசாரிக்கும் வேலை பாதி குறைந்தது எனலாம்.

இங்கு ஒரு பெயரொற்றுமையைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. திருப்பூரில் இராயபுரம் இருப்பதுபோல் சென்னையிலும் இராயபுரம் உண்டு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி அங்கிருந்துதான் புறப்பட்டது. அதனை அடுத்த தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை அமைந்துள்ளது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஏ.ஆர். ராவும் அவருடைய துணைவர்களும் பெரியம்மை கண்ட 254 குடும்பங்களை ஆராய்ந்து, ஒரு வீட்டுக்குள் நோய் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பதை 1968-இல் வெளியிட்டனர். ஊர் முழுவதற்கும் ஊசி குத்துவது ஒன்றே வழி என்று எண்ணியிருந்த காலம் அது. நோய் கண்ட வீட்டை விரைந்து கண்டுபிடித்து, அவ்வீட்டாருக்கும் அவர்களோடு பழகியோர்க்கும் தடுப்பூசி இட்டு வளைத்துவிடும் முறை பின்னர் நாடெங்கும் கையாளப்பட்டது. ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் காட்டி, இத்தகைய நோயாளி எங்கேனும் உண்டா என்று சந்தையிலும் பள்ளியிலும் கேட்டனர். அறிவிப்போர்க்குப் பரிசும் தரப்பட்டது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிவுற்றது. கேட்கும் வழக்கம் தொடங்கிய பின்னரே அவ்வெற்றி கைகூடியது.

சட்டத்தில் மட்டும் அவ்வழக்கம் முன்னரே இருந்தது. 1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அத்தகையவற்றுள் முன்னோடியானது. தொற்றுநோய் கண்டால் மருத்துவர் அறிவிக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. விதி இருந்தும் தனி மருத்துவர்கள் பெரும்பாலும் அறிவிக்கவில்லை. காரணம் சோம்பலன்று. அறிவித்தால் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் திரும்பச் சொல்லவில்லை. மறுமொழி வாராத கடிதத்தை எத்தனை முறை எழுதுவது?

மறுமொழி எழுதலாம் என்று நினைத்தவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான். 1980-களில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அவர் தம் துணைவர்களோடு நடத்திய முறை வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி அனைவர்க்கும் முகவரி அச்சிட்ட அஞ்சலட்டைகள் வழங்கப்பட்டன. இளம்பிள்ளைவாதம் போன்ற தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்களும், காலரா, மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி நோய் முதலியனவும் பட்டியலில் இடம்பெற்றன. அத்தகைய நோயாளி வந்தால் மருத்துவர் அட்டையை நிரப்பி அஞ்சற்பெட்டியில் இட்டால் போதும். ஆய்வுக்கூட உறுதிப்பாட்டிற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரின் ஐயமே போதுமானது. நோயாளியின் ஊர் எழுதப்பட்டிருப்பதால் பல அட்டைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எந்த ஊரில் நோய் கூடுகிறது என்பது விளங்கிவிடும். மாவட்டச் சுகாதார அலுவலர் அவ்வூருக்குச் செல்வார்.

இம்முறையின் உயிர்நாடி அட்டையன்று. அட்டைக்கு வந்த மறுமொழியே. வந்த செய்திகளும் அவற்றின்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையும் திங்கள்தோறும் ஓர் இதழாக அச்சிடப்பட்டு, எழுதிய மருத்துவர்களுக்கே அனுப்பப்பட்டன. 'வட ஆர்க்காடு மாவட்ட நலவாழ்வுச் செய்தி' என்னும் பொருளுடைய அவ்விதழின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'நதி' என்று வரும். பெயர் சூட்டியவர் பாலாற்றின் கரையில் இருந்துகொண்டு சூட்டினார் என்பதை எண்ணும்போது சற்றே புன்னகை அரும்புகிறது. நீரில்லாத நதிக்கரையில் நிற்காமல் ஓடிய நதி அது ஒன்றே. சிற்றூரில் தனியே மருத்துவம் பார்க்கும் ஒருவர், தாம் எழுதிய ஒரு வரி அச்சில் ஏறித் தம் கைக்கே திரும்பக் கண்டார். சிற்றிதழ் நடத்தியோர்க்கும் அதில் எழுதியோர்க்கும் இவ்வின்பம் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் அம்முயற்சி நிலைத்தது. 1998-இல் 'லான்செட்' இதழில் அதனைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் அதே முறை தொடங்கப்பட்டது. 2004-இல் நடுவணரசு நாடளாவிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. துணைச் சுகாதார நிலையச் செவிலியர், மருத்துவர், ஆய்வுக்கூடம் என மூன்று நிலைகளிலிருந்து வாராவாரம் படிவங்கள் சென்றன. பின்னர் அவை கணினிக்கு மாறின. படிவங்களுக்குக் குறைவில்லை. சிற்றூர் மருத்துவருக்குத் திரும்பி வந்த அந்த ஒரு வரி மட்டும் அவற்றில் இடம்பெறாமற் போயிற்று.

திருப்பூரில் இன்று எலி விழுவதில்லை, கொசு உள்ளது. குழாய் நீர் நாள் தவறி வரும் நகரம் இது. வரும்போது பிடித்துவைக்கப் பிளாஸ்டிக் பீப்பாயும் சிமெண்டுத் தொட்டியும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தால் கொசு பிறவாது. 2006-இல் சிக்குன்குனியாவும், 2012-இலும் 2017-இலும் டெங்குவும் தமிழகத்தில் பரவியபின், கைவிளக்கோடு வீடு வீடாகச் சென்று தொட்டிக்குள் புழு நெளிகிறதா என்று பார்த்து 'அபேட்' மருந்து ஊற்றும் பணியாளர்களை நகரங்களில் எல்லாரும் அறிவர். பழைய மணியக்காரரின் பதிவேட்டிற்கும் இவர்களின் குறிப்பேட்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது: இது சாவை எழுதுவதன்று, நோயையும் எழுதுவதன்று, நோய் பிறக்கப்போகும் தொட்டியை எழுதுவது.

ஆனால் இராயபுரம் போன்ற பகுதிகளின் லைன் வீடுகளில் இப்பணியாளர் பகலில் காண்பது பூட்டுகளையே. கணவனும் மனைவியும் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பர். பூட்டிய வீடு என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பீஸ் கணக்கில் தைப்பவர்க்குக் காய்ச்சல் வந்தால் ஒருநாள் கூலி போகும். மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார். அக்காய்ச்சல் எந்தப் படிவத்திலும் ஏறாது. அடுத்த மாதம் வேறு கம்பெனி, வேறு லைன் வீடு. குழித்தறியை விட்டு நகர முடியாதவர் அன்று எலி விழுந்த வீட்டில் அகப்பட்டார். எங்கும் நிலையாத இவர் கணக்கிலேயே அகப்படுவதில்லை.

2020-இல் கொரோனா பரவிய தொடக்கத் திங்கள்களில் நாள்தோறும் செய்தித்தாள்கள் வெளியிட்ட சென்னை மண்டலப் பட்டியலின் தலைப்பில் பெரும்பாலும் 'இராயபுரம்' என்னும் பெயரே இருந்தது. திருப்பூர் இராயபுரத்தாருக்கு வெளியூர் உறவினரிடமிருந்து கவலையோடு விசாரிப்பு வந்திருந்தால் வியப்பில்லை. பட்டியலில் தவறாக இடம்பெறுவது அவர்கள் இடர்ப்பாடு. எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதோர் இடர்ப்பாடு வேறு. மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பின்னலாடைத் தொழிலை நம்பி வடமாநிலங்களிலிருந்து வந்தோர் எத்தனை பேர், எந்தத் தெருவில் இருக்கின்றனர் என்பதற்கு முழுமையான கணக்கு இல்லை. அரிசி கொடுக்கவும் நோய் பார்க்கவும் முதலில் அவர்களைத் தேடவேண்டியிருந்தது. மே மாதத்தில் திருப்பூர் நிலையத்திலிருந்து சிறப்புத் தொடர்வண்டிகள் புறப்பட்டபோது, பயணம் செய்ய விரும்புவோர் பெயர், ஊர், தங்கியிருந்த இடம் ஆகியவற்றைப் பதியவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் பெங்களூரிலிருந்து வந்தவனை வந்த நாளில் எழுதி, பத்து நாள்கள் பார்த்து வைத்தனர். இராயபுரத்தின் லைன் வீட்டில் ஆண்டுகள் பல குடியிருந்து தைத்தவர்களுள் பலருடைய பெயர், அவர்கள் ஊரைவிட்டுப் போன நாளில்தான் இந்நகரத்தின் ஏட்டில் முதன்முதலாக எழுதப்பட்டிருக்கும்.